டெக்சாஸில் மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்திற்கு

டெக்சாஸ் மாநிலத்தின் நிலப்பரப்பில் 95 சதவீதத்திற்கு மேல் தனியார் கையில் இருப்பதால், சொந்த நிலம் இல்லாதவர்கள் மான் வேட்டைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பண்ணைக்காரருக்குப் பணம் கட்டித்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. எங்கள் நண்பர் குழுவும் அப்படித்தான் சென்ற நவம்பரில் ஹில் கண்ட்ரி பகுதியில் இருக்கும் ஒரு பண்ணைக்குச் சென்றது. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் பண்ணை என்றும், வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும் சேர்ந்த வார இறுதித் தொகுப்பு என்றும், பன்றிக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது என்றும் விளம்பரத்தில் இருந்தது. அங்கே எங்களுக்கு நேர்ந்ததை, அதே மாதிரியான விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். தகராறு இன்னும் தீராததால் பண்ணையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் உரிமம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பணத்தைவிட ஆபத்தான விஷயம் அதுதான். தொலைபேசியில் பேசிய பெண்மணி, “பன்றிக்கு உரிமம் எதுவும் தேவையில்லை, மானுக்கு வெளிமாநிலத்தவர் 48 டாலர் கொடுத்து ஐந்து நாள் உரிமம் வாங்கினால் போதும்” என்று உறுதியாகச் சொன்னார். இதில் முதல் பாதி பாதி உண்மை, இரண்டாவது பாதி முழுப் பொய். 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட டெக்சாஸ் சட்டப்படி வேட்டை உரிமம் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் ஐந்து நாள் சிறப்பு உரிமத்தில் வெள்ளைவால் மானைத் தொடவே முடியாது; வெளிமாநிலத்தவர் அதற்கு 315 டாலர் பொது உரிமம் வாங்க வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து வந்த எங்கள் நண்பர் கிளம்புவதற்கு முந்தைய இரவு டெக்சாஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் விதிகளைத் தாமே படித்துப் பார்த்ததால் தப்பித்தார். பண்ணையின் பேச்சை நம்பி அவர் ஒரு மானைச் சுட்டிருந்தால், அபராதச் சீட்டு அவர் பெயரில் வந்திருக்குமே தவிர அந்தப் பெண்மணியின் பெயரில் வந்திருக்காது.

‘பன்றிக்கு உரிமம் வேண்டாம்’ என்ற பாதி உண்மையில் நம்மவர்களுக்கு இன்னும் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தடைக்கு உள்ள விதிவிலக்குகளில் சாதாரணமாக நமக்குப் பொருந்தக்கூடியது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் நம்மிடம் இருப்பது ஒன்றுதான். அதாவது, டெக்சாஸ் சட்டத்தின்படி உரிமமே தேவைப்படாத பன்றி வேட்டையில், ஹெச்-1பி விசாக்காரர் ஒருவர் உரிமம் இல்லாமல் பண்ணையின் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலே கூட்டாட்சிக் குற்றத்திற்கு உள்ளாகிறார். எங்களில் இளையவரான ஒருவர் அந்த விசாவில்தான் இருக்கிறார். டெக்சாஸில் குடியிருப்பவருக்குப் பொது உரிமம் 25 டாலர்தான். அதைக் கட்டாயம் வாங்கும்படி நான் வற்புறுத்தியபோது, “வீண் செலவு” என்று பண்ணையில் சொன்னார்கள். குடியேற்ற நிலையே பறிபோகக்கூடிய ஒரு விஷயத்தில், விசாரிக்காமலேயே ‘தேவையில்லை’ என்று சொல்லிவிடும் இடத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. 1971 செப்டம்பர் 2 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழோ, அதை ஒரு முறை மட்டும் தள்ளிவைக்கும் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் யாரும் சொல்லவில்லை.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது விளம்பரப் படங்களில் இருந்த குடும்பத்தில் ஒருவரையும் காணவில்லை. எங்களை வரவேற்ற வழிகாட்டி, நிலம் வேறொருவருடையது என்றும், வேட்டையை நடத்தும் நிறுவனம் அதைப் பருவத்திற்குக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். இந்த மாநிலத்தில் பணம் வாங்கிக்கொண்டு பிறரை வேட்டையாட அனுமதிக்கும் நில உரிமையாளரோ அவருடைய முகவரோ, ஏக்கர் அளவைப் பொறுத்துத் தனியாக வேட்டைக் குத்தகை உரிமம் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அலுவலகத்தில் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை.

பன்றி வேட்டையைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனெனில் பன்றி வரவே இல்லை. வனவிலங்கு வராததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். வெறுங்கையோடு திரும்பியதற்காக நான் ஒருபோதும் புகார் எழுத மாட்டேன். ஆனால் எங்களை உட்கார வைத்த பரணுக்கு எதிரே, விலங்குகளை வரவழைப்பதற்காக நின்ற மக்காச்சோளத் தீவனப் பீப்பாயை நடுப்பகலில் போய்ப் பார்த்தேன். சோளத்தை வீசி எறியச் சுழல வேண்டிய தகட்டுக்கும் பீப்பாயின் அடிப்பகுதிக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. பேட்டரி செத்துப்போய் வாரக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். கீழே ஒரு சோளமணிகூட இல்லை. பன்றிகள் புழங்கும் இடத்தில் மண் உழுததுபோலக் கிளறப்பட்டிருக்கும், வேலிக் கம்பங்களில் சேறு முழங்கால் உயரத்திற்கு அப்பியிருக்கும், முள்கம்பியின் கீழ் வரியில் முரட்டு மயிர் சிக்கியிருக்கும். அங்கே அப்படி எந்தத் தடமும் இல்லை. இரவில் வெப்பத்தை உணரும் தொலைநோக்கியோடு பன்றி வேட்டைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்ததும் அங்கே போனதும் தனிக் கட்டணமாக மாறிவிட்டது. பன்றி இல்லையென்றால் என்ன, பக்கத்து நிலத்தில் புள்ளிமான் இருக்கிறது, 2,500 டாலர் கொடுத்தால் ஏற்பாடு செய்யலாம் என்று மாலையில் பேரத்தை ஆரம்பித்தார்கள். 1930களில் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஹில் கண்ட்ரியில் தன்னிச்சையாகத் திரியும் நம் நாட்டுப் புள்ளிமானுக்கு இங்கே பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் வேட்டை உரிமம் அதற்கும் தேவை. நாங்கள் மறுத்துவிட்டோம்.

இந்தப் பதிவை எழுத வைத்தது இனிமேல் சொல்லப்போகும் நிகழ்ச்சிதான்.

இரண்டாம் நாள் மாலை, பொழுது சாயும் நேரத்தில், எங்களில் இளையவர் வழிகாட்டியோடு ஒரு பரணில் இருந்தார். ஆண் மான் ஒன்று ஜூனிபர் புதர்களிலிருந்து வெளியே வந்து குறுக்காக நின்றது. வழிகாட்டி, “பராமரிப்பு வகை மான்தான், சுடுங்கள்” என்றார். பராமரிப்பு வகை என்பது, இனப்பெருக்கத்திற்குத் தேவையில்லை என்று பண்ணை கழித்துக்கட்டும் மான். எங்கள் தொகுப்பில் அந்த வகைதான் அடங்கியிருந்தது. குண்டு சற்றுப் பின்னால் பட்டுவிட்டது. மான் துள்ளவில்லை, முதுகைக் கூன்போட்டுக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போனது. வயிற்றில் குண்டு பட்ட விலங்கு அப்படித்தான் போகும் என்பதை வேட்டை பழகிய எவரும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். நானும் மற்ற நண்பர்களும் அங்கே போய்ச் சேர்ந்தபோது, மான் நின்ற இடத்தில் இருந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் கறுத்த சிவப்பாக ரத்தம் கிடந்தது. அதில் பச்சை நிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர் சிவப்பாக நுரைத்திருக்கும். பச்சைத் துணுக்கு இரைப்பையிலிருந்து வந்தது.

இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதில் வேட்டைக்காரர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் விலங்கு படுத்த இடத்திலிருந்து எழுந்து வெகுதூரம் போய்விடும். ஆறு முதல் எட்டு மணி நேரம் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தேட வேண்டும். அடிபட்ட மானைத் தேட மோப்ப நாயைப் பயன்படுத்துவதற்கு டெக்சாஸின் பெரும்பாலான கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) அனுமதி உண்டு, அதற்கென்றே நாய் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வழிகாட்டியோ அப்போதே கைவிளக்கோடு புதருக்குள் நுழைந்து, மேலோட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கிடைக்கவில்லை என்று திரும்பிவிட்டார். நாய்க்கு ஏற்பாடு செய்யுங்கள், செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னோம். இந்த நேரத்தில் யாரும் வர மாட்டார்கள் என்றார். சரி, விடியற்காலையில் நாங்களே தேடுகிறோம் என்றோம். அந்தப் பரணுக்குக் காலையில் வேறு ஒரு குழு பணம் கட்டியிருக்கிறது, அவர்கள் இறங்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று பதில் வந்தது.

“அண்ணா, அது அங்கேயே கிடந்து சாகுமே, நாம் எப்படிச் சும்மா இருப்பது?” என்று இளையவர் கேட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. சுட்டவர் தன் குண்டு பட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது வேட்டையின் அடிப்படை நெறி. சட்டமும் இதில் அக்கறை காட்டுகிறது. வேட்டையாடிய விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியைத் தெரிந்தே பாழாக விடுவது டெக்சாஸில் குற்றம். வழியறியாத பிறர் நிலத்தில் அந்த நெறியைக் காப்பாற்ற வழிகாட்டியின் துணை வேண்டும். அதற்காகவும்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறோம். மறுநாள் நடுப்பகலில் எங்களை அனுமதித்தபோது, கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்தோம். பரணிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அது கிடந்தது. வெயிலில் உப்பிப்போய், தின்னப்பட்டு, எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை.

கணக்கு முடிக்கும்போது ரசீதில் அந்த மானுக்குப் பராமரிப்பு வகை விலை போடப்படவில்லை. உயர்வகைக் கொம்பு மானுக்குரிய விலை போடப்பட்டிருந்தது. சுடச் சொன்னபோது ஒரு வகை, செத்த பிறகு இன்னொரு வகை. பரணில் ஒத்துக்கொண்ட வகையை ரசீதில் யார் மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, இங்கே வகையைத் தீர்மானிப்பது பண்ணையின் உரிமை என்று நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினார்கள். அதே படிவத்தில், ரத்தம் ஒரு சொட்டு விழுந்தாலும் விலங்கு கிடைத்ததாகவே கருதி முழுக் கட்டணம் வசூலிக்கப்படும் என்ற வரியும் இருந்தது. இந்தக் காயக் கட்டணம் பல பண்ணைகளில் உள்ள வழக்கம்தான்; அதை நான் குறை சொல்லவில்லை, கண்டபடி சுடுவதை அது தடுக்கிறது. ஆனால் காயத்திற்கு முழுக் காசு வாங்குகிற இடம் காயம்பட்டதைத் தேடித்தர வேண்டுமா, வேண்டாமா? அந்தக் கடமையைப் பற்றிப் படிவத்தில் ஒரு சொல்லும் இல்லை. தேடாமல் விட்டாலும் அவர்களுக்கு வரவு குறைவதில்லை, தேடினால் அடுத்த குழுவின் காலை வேட்டை கெடும் என்ற கணக்கில்தான் அந்த மான் சாக விடப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழிகாட்டி சொல்லிச் சுட்டேன் என்பது சட்டத்தின் முன் நிற்காது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் ஆண் மானுக்குக் கொம்புக் கட்டுப்பாடு இருக்கிறது: கொம்புகளின் உள்ளகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கக் கொம்பாவது கிளை பிரியாததாக இருக்க வேண்டும். காதுகளை விறைத்துக்கொண்டு நிற்கும் மானின் இரு காது நுனிகளுக்கு இடைப்பட்ட தூரம் கிட்டத்தட்ட அந்த 13 அங்குலம் என்பதை வைத்துக் கண்ணால் அளந்துகொள்ளலாம். நாம் போகும் கவுண்டியின் விதியை நாமே தெரிந்துகொண்டு போக வேண்டும். சீட்டு எழுதப்படுவது விசையை அழுத்தியவர் பெயரில்.

குளிர் அறையைப் பற்றியும் இரண்டு வரி. மற்றொரு நண்பர் சுட்ட பெண் மானை உரித்து அங்கே தொங்கவிட்டிருந்தார்கள். இறைச்சி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். நான் பார்த்தபோது அறையின் வெப்பமானியில் முள் 60ஐ ஒட்டி நின்றது. நாங்களே ஐஸ் பெட்டிகள் வாங்கி வந்து மாற்றியதால் அந்த இறைச்சியாவது தப்பியது.

அப்படியானால் பணம் கட்டும் முன் என்ன கேட்பது என்று சிலர் கேட்கிறார்கள். நான் இனிமேல் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: அடிபட்ட விலங்கை யார் தேடுவார்கள், எவ்வளவு நேரம் தேடுவார்கள், நாய்க்கு யாரை அழைப்பீர்கள், மறுநாள் அந்த நிலத்திற்குள் எங்களை விடுவீர்களா என்பதை எழுத்தில் கொடுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்கிற பண்ணை மற்றவற்றிலும் பெரும்பாலும் நேர்மையாகவே இருக்கும். மான் வகையைச் சுடுவதற்கு முன்பே குறுஞ்செய்தியிலாவது உறுதி செய்யச் சொல்லுங்கள். குத்தகை உரிமத்தை முன்பணத்திற்கு முன் கேளுங்கள். முன்பணத்தை ஸெல் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் சேவை) வழியாக மட்டும் கேட்டால் விலகிவிடுங்கள். நாமே அனுப்பிய அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

எங்கள் விஷயத்தில் முன்பணம் ஸெல்லில் போனது, அது திரும்பவில்லை. மீதிப் பணம் கடன் அட்டையில் கட்டியதால், உயர்வகை விலைக்கும் ஒத்துக்கொண்ட விலைக்கும் இடைப்பட்ட தொகையை வங்கியிடம் முறையிட்டிருக்கிறோம். பரணில் இருந்தபோது இளையவர் எனக்கு அனுப்பிய ‘பராமரிப்பு வகையாம், சுடச் சொல்கிறார்’ என்ற குறுஞ்செய்தியை ஆதாரமாகக் கொடுத்திருக்கிறோம். குத்தகை உரிமம் காட்டப்படாததை அந்தக் கவுண்டியின் வேட்டைக் காவலரிடம் தெரிவித்திருக்கிறோம். மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிவாகியிருக்கிறது. வங்கி கைவிட்டால், 20,000 டாலர் வரையிலான வழக்குகளை ஏற்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் மனு கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். இதே மாதிரி அனுபவம் வேறு யாருக்காவது அந்தப் பகுதியில் ஏற்பட்டிருந்தால், ரசீதையும் படிவத்தின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள்.