சொந்த வலைத்தளம்: எதில் வைப்பது, எதைக் கொண்டு கட்டுவது

தனக்கென ஒரு தளம் கட்ட நினைப்பவருக்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. நியோசிட்டீஸ், கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ், மைக்ரோ டாட் பிளாக் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எது வேகம், எது இலவசம் என்று பார்ப்பதோடு பல ஒப்பீடுகள் நின்றுவிடுகின்றன. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நாளைக்கு அந்தச் சேவை மூடப்பட்டாலோ விதிகளை மாற்றினாலோ, பக்கங்களையும் அவற்றின் முகவரிகளையும் சேதமில்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா? 2009-இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற தன் இலவசத் தளச் சேவையை மூடியபோது அங்கே குடியிருந்த தளங்கள் முகவரியோடு சேர்ந்தே போயின. இந்த அலசல் முழுவதும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

முகவரி முதலில்

சேவை இலவசமாகத் தரும் துணை முகவரி, நீங்களே பதிவு செய்யும் டொமைன் (உங்களுக்கே உரிய தளப்பெயர்) என இரண்டே வழிகள். பழகிப் பார்க்கத் துணை முகவரி தாராளமாகப் போதும். ஆனால் நாலு பேர் அதற்கு இணைப்பு கொடுத்த பிறகு நகர்வது கஷ்டம். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு முறையாகத் திருப்பிவிடும் வசதி பெரும்பாலும் கிடைக்காது. பத்துப் பதிவுகள் சேருவதற்குள் டொமைன் வாங்கிவிடுவது நல்லது.

வாங்கும்போது முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை (தளக் கோப்புகளை வைக்கும் இடத்தை) இன்னொன்றிலும் வையுங்கள். ஒரு கணக்கு முடங்கினாலும் மற்றது கையில் இருக்கும். பதிவு நிறுவனத்தில் கணக்குத் திறக்கும்போது அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலைக் கொடுக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல்பெட்டியும் நின்றுபோகும், கணக்கை மீட்க அனுப்பும் கடிதம்கூட வந்து சேராது. டாட் காம் பெயர் ஒன்று கெடு தாண்டி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்தைவிட மிக அதிகமாகக் கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம்.

எங்கே வைப்பது

நியோசிட்டீஸ் 2013-இல் தொடங்கியது. இலவசக் கணக்கில் 1 ஜிபி இடம், மாதம் 200 ஜிபி போக்குவரத்து. பிரவுசரிலேயே எடிட்டர் இருக்கிறது. சேமித்ததும் தளம் மாறிவிடும். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி தெரிய வேண்டாம், கட்டளை தட்டும் டெர்மினல் திறக்க வேண்டாம். கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இரண்டிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: அக்கம்பக்கம். பிற தளங்களைப் பின்தொடரலாம், யார் எதைப் புதுப்பித்தார்கள் என்று பார்க்கலாம். புதிதாக வந்தவரின் தளத்தையும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எழுத ஆரம்பிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

குறைகளும் தெளிவானவை. சொந்த டொமைனை இணைக்க மாதம் 5 டாலர் ஆதரவாளர் கணக்கு வேண்டும். இலவசக் கணக்கில் ஆடியோ, வீடியோ கோப்புகளை ஏற்ற முடியாது. பிஎச்பி போன்ற செர்வர் நிரல் எதுவும் ஓடாது. கிளம்புவது சுலபம்: தளம் முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். முகவரியை மட்டும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சொந்த டொமைன் இல்லாவிட்டால்.

கிட்ஹப் பேஜஸில் சொந்த டொமைன் இணைப்பதும் இணைப்பைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் இலவசம். தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் இருக்கச் சொல்கிறார்கள். இலவசக் கணக்கில் ரெப்போ (தளக் கோப்புகளும் அவற்றின் கிட் வரலாறும் இருக்கும் தொகுப்பு) எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதால் வெளியிடாத வரைவுகளையும் பிறர் படிக்கலாம். வரைவுகளை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பெரிய பலம், கிட் வரலாறு முழுதும் உங்கள் கணினியிலும் இருப்பது. வேறிடம் போக ஒரே ஒரு புஷ் (கிட் வழியான பதிவேற்றம்) போதும்.

முதல்முறை ஏற்றுபவர்கள் இங்கே சிக்கும் இடம் ஒன்று. கணினியில் அழகாகத் தெரிந்த தளம், ஏற்றியதும் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ரெப்போவுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்தால் தளம் உங்கள் முகவரிக்குள் அந்தப் பெயருள்ள ஃபோல்டரில் போய் உட்காரும். சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகளோ டொமைனின் வேரில் போய்த் தேடி 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வாங்கிவரும். பயனர்பெயரோடு கிட்ஹப் டாட் ஐஓ சேர்த்து ரெப்போவுக்குப் பெயரிட்டால் தளம் வேரிலேயே அமையும். சொந்த டொமைன் இணைத்தாலும் சிக்கல் தீரும்.

டொமைன் இணைக்கும்போது, டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்தச் செர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலில்) முன்னொட்டு இல்லாத பெயருக்கு 185.199.108.153 தொடங்கி 109, 110, 111 என்று நான்கு ஏ ரெக்கார்டுகள் (செர்வர் எண்ணைக் குறிக்கும் வரிகள்) இடுங்கள். மூன்று டபிள்யூ முன்னொட்டுக்கு ஒரு சிநேம் (வேறொரு பெயரைக் காட்டும் வரி). அந்தச் சிநேமில் பயனர்பெயர் முகவரி மட்டும்தான் வர வேண்டும், ரெப்போ பெயர் கூடாது. சான்றிதழ் வர ஒரு நாள்வரை ஆகலாம். அதற்கு மேலும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸில் சிஏஏ ரெக்கார்டு (யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் வரி) ஒன்று சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டைத் தடுக்கிறதா என்று பாருங்கள். தளத்தை நீக்குகிறவர்கள் டிஎன்எஸ் ரெக்கார்டையும் அன்றே நீக்க வேண்டும். விட்டுவைத்தால் வேறொருவர் தன் ரெப்போவில் உங்கள் டொமைனைப் பதிந்து அதில் எதையாவது வெளியிட முடியும். கணக்கு அமைப்பில் டொமைனை டெக்ஸ்ட் ரெக்கார்டு மூலம் உறுதிசெய்து வைத்தால் இந்த வாசல் அடைபடும்.

கிளவுட்ஃபிளேர் பேஜஸில் நிலையான கோப்புகளுக்குப் போக்குவரத்து வரம்பு இல்லை. மூடிய ரெப்போவிலிருந்தும் வெளியிடலாம். இலவசத்தில் மாதம் 500 பில்டுகள் (மூலக் கோப்புகளிலிருந்து தளத்தை ஆக்கும் ஓட்டங்கள்), ஒரு தளத்துக்கு 20,000 கோப்புகள், ஒரு கோப்பு 25 எம்பிக்குள். பழைய முகவரிகளைத் திருப்பிவிட ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரிக்கு ஒரு விதி எழுதினால் போதும். இந்த வசதி கிட்ஹப் பேஜஸில் இல்லை. வேறு இடத்திலிருந்து குடிபெயர்ந்து வருபவருக்கு இதுவே தீர்மானமான காரணமாகலாம்.

இதற்கு ஈடாக அவர்கள் கேட்பது: முன்னொட்டு இல்லாத டொமைனை இணைக்க வேண்டுமானால் நேம்செர்வரையே, அதாவது உங்கள் டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் செர்வரையே, அவர்களிடம் மாற்ற வேண்டும். டொமைன், டிஎன்எஸ், ஹோஸ்டிங் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடாதபடி டொமைன் பதிவையாவது வெளியே வைத்திருங்கள். கோப்புகளை இழுத்துப்போட்டுத் தொடங்கிய திட்டத்தைப் பின்னால் கிட் இணைப்புக்கு மாற்ற முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

சொந்தமாக ஒரு லினக்ஸ் செர்வரை வாடகைக்கு எடுப்பது நான்காவது வழி. எல்லாம் உங்கள் கையில். பாதுகாப்புப் புதுப்பிப்பு, சான்றிதழ், காப்புப்பிரதி எல்லாம் உங்கள் தலையிலும்தான். செர்வர் நிர்வாகத்தைக் கற்கும் ஆசை இருந்தால் மட்டும் எடுங்கள்.

எங்கே வைத்தாலும் வரும் ஒரு கோளாறு: விண்டோஸிலும் மேக்கிலும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படும், செர்வரில் அப்படியில்லை. கணினியில் தெரிந்த படம் தளத்தில் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிட்டால் பிரச்சினையே எழாது. முகவரியில் தமிழ் எழுத்துகள் வைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து ஒன்பது எழுத்துகளாக விரியும். 'தமிழ்' என்ற சொல் மட்டுமே 45 எழுத்துகளாகிவிடும்.

எதைக் கொண்டு கட்டுவது

ஐந்தாறு பக்கங்கள் என்றால் கையால் எழுதிய எச்டிஎம்எல்லே சிறந்தது. அது எந்தப் பதிப்பு மாற்றத்தாலும் உடைவதில்லை. கற்க மொஸில்லாவின் எம்டிஎன் ஆவணங்களே முதன்மை. ஒவ்வொரு டேக்குக்கும் எந்த பிரவுசர் எதை ஆதரிக்கிறது என்ற அட்டவணையும் அங்கேயே உண்டு. தலைப்பில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க அறிவிப்பையும் மொழிக் குறியீட்டையும் விடாதீர்கள். முதலாவது இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியலாம். இரண்டாவது, திரைவாசிப்பான் சரியான குரலில் படிக்கத் தேவை. பக்கங்கள் இருபதைத் தாண்டி, மெனுவில் ஒரு வரி மாற்ற இருபது கோப்புகளைத் திறக்கும் நிலை வந்தால்தான் ஜெனரேட்டர் (பொது அச்சிலிருந்து எல்லாப் பக்கங்களையும் ஆக்கித்தரும் கருவி) தேடுங்கள்.

ஜெனரேட்டர்களில் ஹியூகோ ஒரே ஒரு நிரல் கோப்பு, இறக்கினால் ஓடும். ஆயிரக்கணக்கான பக்கங்களையும் சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் பக்க அச்சுகளை எழுதும் அதன் டெம்ப்ளேட் மொழி, கோ என்ற நிரல்மொழியின் வழியில் வந்தது, பழகச் சிரமம். புதிய பதிப்பு வந்ததும் பழைய தீம்கள் உடைவதும் உண்டு. எந்தப் பதிப்பில் ஓடியதோ அந்த எண்ணை ஹோஸ்டிங் அமைப்பிலும் பதிந்து வையுங்கள். கணினியில் ஒரு பதிப்பும் செர்வரில் வேறொன்றும் இருந்தால் காரணம் புரியாத பிழைகள் வரும். எழுதிய பதிவு வெளிவரவில்லையா? வரைவு என்ற குறி நீக்கப்பட்டதா, தேதி எதிர்காலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நேர மண்டலம் தவறாக இருந்தால் இன்றைய பதிவுகூட எதிர்காலமாகத் தெரியும்.

லெவன்டி என்ற ஜெனரேட்டர், கணினியில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில் ஓடுகிறது. நன்ஜக்ஸ், லிக்விட் என்ற டெம்ப்ளேட் மொழிகள், எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன், வெறும் எச்டிஎம்எல் எது வேண்டுமானாலும் கலந்து எழுதலாம். கையால் எழுதிய தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. முதல் நாள் தலைப்பையும் அடியையும் மட்டும் பொதுக் கோப்பாக்கிவிட்டு மீதியை அப்படியே விடலாம். சிஎஸ்எஸ், படங்களைத் தானாக நகலெடுக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கான்ஃபிக் கோப்பில் ஃபோல்டர் பெயரைச் சொன்னால்தான் எடுத்துப் போகும்.

ஜெக்கில் என்ற ஜெனரேட்டரின் ஒரே கவர்ச்சி, கிட்ஹப் பேஜஸ் அதைத் தானே இயக்கும் என்பது. அனுமதித்த பிளகின்கள் (கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்கள்) மட்டுமே ஓடும். கணினியில் அதற்குத் தேவையான ரூபி நிரல்மொழியை நிறுவுவது பலருக்குத் தொல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு லெவன்டியே என் பரிந்துரை.

எதையும் நிறுவ மனமில்லாதவருக்கு மைக்ரோ டாட் பிளாக், பேர் பிளாக் இரண்டும் நல்லவை. முன்னதில் கட்டணம் உண்டு. வெப்மென்ஷனும் (ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்ததைத் தெரிவிக்கும் முறை) பிற தளங்களுக்குத் தானாகப் பகிர்வதும் சேர்ந்தே வருகின்றன. பின்னது எழுத்தை மட்டும் நம்புபவருக்கு. வேர்ட்பிரஸ் எல்லாம் செய்யும். பதிலுக்கு டேட்டாபேஸையும் பிளகின்களையும் காலமெல்லாம் பராமரிக்கக் கேட்கும்.

ஃபீடும் உரையாடலும்

ஆர்எஸ்எஸ் ஃபீட் (புதிய பதிவுகளை வாசகரின் ஃபீட் ரீடர் செயலிக்குத் தரும் கோப்பு) இல்லாத தளத்தை வாசகர் மறந்துவிடுவார். ஹியூகோ ஃபீடைத் தானே உருவாக்கும், ஆனால் சுருக்கத்தை மட்டும் தரும். முழுப் பதிவும் வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டை மாற்ற வேண்டும். லெவன்டிக்கு பிளகின் சேர்க்க வேண்டும். ஃபீடில் பிழைகள் வரும் இடங்கள் எப்போதும் சில மட்டுமே. படங்களுக்கு டொமைன் பெயர் இல்லாத அரைகுறை முகவரி கொடுத்தால் ஃபீட் ரீடரில் படம் வராது. ஒரே ஒரு உம்மைக்குறியை (&) முறையாக மாற்றி எழுதாவிட்டால் ஃபீட் மொத்தமும் செல்லாது. எச்டிஎம்எல் மன்னிக்கும், ஃபீட் எழுதப்படும் எக்ஸ்எம்எல் மன்னிக்காது. ஆர்எஸ்எஸ் தேதியில் மாதப் பெயர் ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே தளத்தில் தேதியைத் தமிழாக்கும் ஃபில்டர் ஃபீடுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் நிரந்தர அடையாளத்தையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய பதிவெல்லாம் வாசகருக்குப் புதிதாக வந்து குவியும். டபிள்யூ3சி ஃபீட் சரிபார்ப்பான் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதில்களுக்கு வெப்மென்ஷன் ஒரு வழி. 2017-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. அடுத்தவர் தன் தளத்தில் உங்கள் பதிவுக்கு இணைப்புக் கொடுத்து எழுதுகிறார். அவர் கருவி உங்கள் பக்கத்தைத் திறந்து வெப்மென்ஷன் முகவரி எது என்று தேடி, தன் பக்கம் எது, உங்கள் பக்கம் எது என்ற இரண்டை மட்டும் அனுப்புகிறது. உங்களுக்காக அதைப் பெறும் நிரல் அவர் பக்கத்தைத் திறந்து இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. நிலையான தளத்தில் இதைப் பெற்றுக்கொள்ள நிரல் இல்லாததால் வெப்மென்ஷன் டாட் ஐஓ சேவை உதவும்: தளத்தில் உங்கள் கிட்ஹப் பக்கத்துக்கு ரெல்-மீ இணைப்பு ('இதுவும் நானே' என்று சொல்லும் இணைப்பு), அங்கிருந்து தளத்துக்குத் திரும்ப ஓர் இணைப்பு, உள்நுழைவு, தலைப்புப் பகுதியில் ஒரு வரி. அவ்வளவுதான். பதிவையும் எழுதியவரையும் பிற கருவிகளுக்கு அடையாளம் காட்டும் எச்-என்ட்ரி, எச்-கார்டு வகுப்புகள் சரியாக உள்ளனவா என்பதை இன்டிவெப்பிஃபை தளத்தில் சோதிக்கலாம்.

வந்த பதில்களைக் காட்ட இரண்டு முறை. ஜாவாஸ்கிரிப்ட் மூலம் உடனுக்குடன் காட்டலாம். சேவை நின்றால் பதில்களும் மறையும். பில்டின்போது இறக்கிக் கோப்பாகச் சேமித்தால் அவை உங்களுடையவை, எனவே இதுவே மேல். தினமும் ஒரு பில்ட் ஓடும்படி, வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நேரம் குறிக்கலாம். திறந்த ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அந்த நேர அட்டவணையை கிட்ஹப் நிறுத்திவிடும். பதில்கள் திடீரென்று வராமல் போவதற்கு இது அடிக்கடி காரணம்.

கிஸ்கஸ் என்ற கருவி கிட்ஹப் விவாதங்களைக் கருத்துப்பெட்டியாக்குகிறது. கிட்ஹப் கணக்குள்ள வாசகருக்கு மட்டும் பயன். பதிவின் அடியில் ஒரு மின்னஞ்சல் இணைப்பு வைப்பதைப் பலரும் அற்பமாக நினைக்கிறார்கள். பராமரிப்பே தேவைப்படாத வழி அதுதான், நிதானமான பதில்களும் அதில் வரும். வெப்மென்ஷனை ஃபீட் சரியான பிறகு சேர்த்தால் போதும்.

தளம் கண்ணில் பட வெப்ரிங்குகளும் (ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்து வளையமாக நிற்கும் தளக் கூட்டங்கள்) ஊ டாட் டைரக்டரி போன்ற அட்டவணைகளும் உள்ளன. வெப்ரிங்கில் சேரும்போது ஸ்கிரிப்ட் விட்ஜெட்டை ஒட்டாமல் முந்தைய தளம், அடுத்த தளம் என்று சாதாரண இணைப்புகளாக வையுங்கள். பெரும்பாலான வெப்ரிங்குகள் அதை ஏற்றுக்கொள்ளும். அதோடு, உங்களுக்குப் பிடித்த தளங்களுக்கு ஒரு தனிப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றையும் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஆண்டுக்கு இருமுறை இணைப்புச் சரிபார்ப்பான் ஒன்றை அந்தப் பக்கத்தில் ஓட்டி, செத்த முகவரிகளுக்கு இணைய ஆவணக் காப்பகத்தின் பிரதியை மாற்றி வையுங்கள்.