பவானி ஜமக்காளத்துக்கு எந்த இணையதளம் பொருந்தும்?

பவானியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜமக்காளக் கடை இருக்கிறது. கல்யாண மண்டபக்காரர்கள் நேரில் வந்து எடுப்பார்கள், வெளியூர்க்காரர்கள் போனில் கேட்பார்கள். இணையத்துக்குப் போவது என்று முடிவானபோது எங்கள் முன்னால் இருந்தவை நான்கு வழிகள்: வாட்ஸ்அப் பிசினஸோடு நிறுத்திக்கொள்வது, அல்லது சொந்தத் தளம் கட்ட உதவும் விக்ஸ், ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ் ஆகியவற்றில் ஒன்று.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்தது. படமும் விலையும் போட்டுப் பட்டியல் வைக்கலாம், செலவே கிடையாது. பழைய வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நம் எண் தெரியாதவருக்கு அந்தப் பட்டியல் கண்ணில் படாது. "6 அடிக்கு 9 அடி பவானி ஜமக்காளம்" என்று கூகுளில் தேடுகிறவர் வந்து சேர ஒரு பக்கம் வேண்டும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பதிவது அவசியம்தான், ஆனால் அதோடு இலவசமாகக் கிடைத்துவந்த சிறு தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. இலவச இடத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

விக்ஸில் பக்கம் அமைப்பது எளிது. ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் வேறொரு வாடகை இடத்துக்கு, கொண்டுபோக முடியாது. அதனால் நான் அதை விட்டுவிட்டேன்.

உண்மையான போட்டி ஷாப்பிஃபைக்கும் வேர்ட்பிரஸுக்கும்தான். ஷாப்பிஃபை மாத வாடகைக் கடை. ஆர்டர், இருப்பு, கூப்பன் எல்லாம் தயாராக இருக்கும், பாதுகாப்பையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்களுடைய சொந்தப் பணவசூல் சேவை இந்தியாவில் இல்லை. ரேசர்பே போன்ற வேறொரு பணவசூல் சேவையை இணைக்க வேண்டும், அதன் கட்டணத்துக்கு மேல் அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபையும் 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் ரூபாய் ஜமக்காளத்தில் 20 ரூபாய் என்பது கைத்தறிக்காரருக்குச் சிறிய தொகை அல்ல. ஆனாலும் திருப்பூரில் பத்து நிறம், ஐந்து அளவு என்று பனியன் விற்று, தினமும் பார்சல் கட்டுகிறவருக்குத் தயங்காமல் இதையே சொல்வேன். அங்கே மிச்சமாகும் நேரமே பணம்.

வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கும் இலவச மென்பொருள். டொமைன் என்கிற இணைய முகவரிக்கும் ஹோஸ்டிங்குக்கும் மட்டும் பணம் கட்டினால் போதும், விற்பனைக்கு வூகாமர்ஸ் என்ற பிளக்இன்னை, அதாவது கூடுதல் மென்பொருளை, சேர்த்துக்கொள்ளலாம். ஹோஸ்டிங் பிடிக்கவில்லையென்றால் தளத்தை மூட்டை கட்டி வேறிடம் போகலாம். இதற்கு உழைப்பு தேவை: புதுப்பிக்காமல் விட்ட ஒரு பிளக்இன் வழியாகவே திருடன் நுழைந்துவிடுவான். வாரம் ஒரு முறை புதுப்பித்து, பேக்கப் எடுக்க வீட்டில் ஓர் ஆள் இல்லையென்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். எங்களுக்கு அக்கா மகள் இருக்கிறாள். அதனால் வேர்ட்பிரஸ்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் முதல் தளத்தைச் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். புதுப்பிக்கும் நாள் வந்தபோது அவர் போனை எடுக்கவில்லை. பெயர் கைவிட்டுப் போனது, பில் புத்தகத்தில் அச்சடித்த முகவரி வீணானது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இப்போது ".இன்" முகவரி அப்பாவின் பெயரில் இருக்கிறது, ஓடிபி அவருடைய போனுக்கே வருகிறது, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம்.

படங்களுக்கு நாங்கள் நிறைய மெனக்கெட்டோம். காலை வெயில் ஏறும் முன் மொட்டை மாடியில் ஜமக்காளத்தை விரித்து, ஒரு மூலையை மடித்து அடிப்பக்க நெசவு தெரியும்படி வைத்து, ஓரத்தில் அளவு நாடாவையும் போட்டுப் படம் எடுத்தோம். போன் படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும், அதை 200 கேபிக்குள் சுருக்கினோம். அளவுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்றும் எழுதினோம். "விரித்தால் எவ்வளவு இருக்கும்ங்க?" என்று கேட்டு வந்த அழைப்புகள் அதன்பிறகு குறைந்தன.

வூகாமர்ஸை இன்னும் சேர்க்கவில்லை. மண்டபக்காரர் நாற்பது ஜமக்காளம் கேட்பார், கரை நிறம் மாற்றச் சொல்வார், விலை பேசுவார். அதற்குப் பேச்சுதான் வேண்டும். எனவே ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வைத்திருக்கிறோம். அழுத்தினால் அந்த ஜமக்காளத்தின் பெயரும் அளவும் எழுதிய செய்தி தயாராகத் திறக்கும். அனுப்பியதும் கல்லாவில் இருக்கும் அப்பாவின் போன் ஒலிக்கும்.