மாமாவின் சேனா மெடலும் வெலிங்டன் டெய்லர் கடையும்

மெடலுக்கு ஃபிரேம் போட வேண்டும் என்றால் கோயம்புத்தூருக்கெல்லாம் இறங்கிப் போகாதீர்கள், நீலகிரியில் குன்னூர் பக்கத்து வெலிங்டனிலேயே ஆள் இருக்கிறார். அங்கே இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் (ராணுவப் பயிற்சி மையம்) ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்துத் தைத்துக் கை பழகிய டெய்லர் கடை, ஆனால் போர்டு மட்டும் யாருக்கும் தெரியாத மாதிரி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பெரிய மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரின் பசந்தர் ஆற்றுச் சண்டையில் கண்ணிவெடி புதைத்த இடத்துக்குள் அடிபட்டுக் கிடந்தவர்களை இழுத்து வந்ததற்காக, ராணுவ வீரர்களுக்கான சேனா மெடல் கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து டீ போடப் போய்விடுவார். அந்தச் சண்டையில் உயிரைக் கொடுத்து, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது பெரிய விருதான மகாவீர் சக்ரா பெற்ற கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காயைப் பற்றி என்றால் மட்டும் ராத்திரி முழுக்கப் பேசுவார்.

ஏற்கனவே கோவையில் ஒரு கடையில் போட்ட ஃபிரேமில், பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று பச்சிமி ஸ்டாரை (1971 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நட்சத்திர மெடல்) நடுவில் வைத்து சேனா மெடலை ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். வெலிங்டன் பெரியவர் அதைப் பார்த்ததுமே, "யார் தம்பி இப்படி வெச்சது?" என்றார். மெடல்களை மதிப்பு வரிசைப்படிதான் வைக்க வேண்டுமாம்: நம் பார்வைக்கு இடது கோடியில் சேனா மெடல், அப்புறம் பச்சிமி ஸ்டார், அதே போர்க்காலப் பணிக்கான சங்ராம் மெடல், கடைசியில் சுதந்திர 25வது ஆண்டு மெடல். பட்டியல் எதையும் பார்க்கவில்லை, கை தானாக வைத்தது.

சாயம் போயிருந்த சேனா மெடல் ரிப்பனையும் மாற்றிக் கொடுத்தார், சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. மெடலைப் பளபளவென்று ஆக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். அத்தை வருஷா வருஷம் விபூதி போட்டுத் தேய்த்ததில், சேனா மெடலின் வெள்ளியில் மேல்நோக்கி நிற்கும் துப்பாக்கி முனைக் கத்தியின் விளிம்பு ஏற்கனவே மழுங்கியிருந்தது. சங்ராம் மெடலின் ஓரத்தில் பொறித்திருந்த மாமாவின் நம்பரில் பாதி எழுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. இனி மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நம் ஊர் மூடுபனிக்கு ரிப்பனில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கண்ணாடிக்கும் மெடலுக்கும் நடுவே இடைவெளி விட்டு, பின்பலகைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்து அடைத்திருக்கிறார். இந்த ஒரு வேலைக்கே காசு கொடுக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்குக் கிடைக்காது, போன் எடுக்க மாட்டார், கார்டு, ஜிபே எதுவும் கிடையாது, நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ரொக்கமாகவே கொடுத்தேன். மரச்சட்டத்தின் வார்னிஷ் ஒரு மூலையில் திட்டுத்திட்டாக இருந்தது, கேட்டதும் முகம் சுளிக்காமல் சரி செய்தார். மெஸ் டிரஸ்ஸுக்கான (ராணுவ விருந்துகளுக்குப் போடும் உடை) சின்ன மெடல் செட்டும் செய்கிறார்களாம், அதை நான் வாங்கவில்லை. ஒரிஜினலைக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் ஓரமும் போட்டோ எடுத்துக்கொண்டு, கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் எழுதித் தருவார்.