பித்தப்பையில் ஊமைக்காயம்: விட்டுப் பார்ப்பதா, எடுத்துவிடுவதா?

பாம்பனிலிருந்து விசைப்படகில் போகும் என் மச்சானுக்குப் பங்குனி தொடக்கத்தில் அடிபட்டது. விடியும் முன் வலை இழுக்கையில் கயிறு அறுந்து, வலது விலாவுக்குக் கீழே படகின் விளிம்பு நேராக இடித்தது. வெளியே உள்ளங்கை அகலத்துக்கு நீலம், அவ்வளவுதான். எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகிவிடும் என்றார்கள். அக்கா யார் பேச்சையும் கேட்காமல் ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். பித்தப்பைச் சுவர் தடித்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. அடிபட்ட வயிற்றைத் தடவக் கூடாது என்பது அன்றுதான் வீட்டில் பலருக்கும் உறைத்தது.

பித்தப்பையில் அடிபடுவது அபூர்வம். மேலே கல்லீரல், அதற்கு வெளியே விலா எலும்பு என இரண்டு கவசம் உண்டு. ஆனால் சாப்பிட்டதும் சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் விடும் பை, வெறும் வயிற்றில் நிரம்பி விம்மி நிற்கும். அப்போது இடித்தால் ஆபத்து அதிகம். மச்சான் முந்தின நாள் மாலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

வீடு இரண்டு கட்சியானது. தானாக ஆறிவிடும் என்று ஒன்று, வைத்துக்கொண்டு பயப்படுவதற்கு எடுத்துவிடலாம் என்று இன்னொன்று. பை கிழிந்திருந்தாலோ, கல்லீரலிலிருந்து பிய்ந்திருந்தாலோ இந்த விவாதத்துக்கே இடமில்லை, அறுவைதான். கன்றல், அதாவது கிழியாத ஊமைக்காயம் மட்டும் என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கல்லீரலுக்கும் குடலுக்கும் அடி இல்லை என்பதையும் சிடி ஸ்கேனில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் தொந்தரவு வருமா என்பதைப் பல நேரம் அவைதான் தீர்மானிக்கின்றன.

விட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் சில வாரங்களில் ரத்தக்கட்டு கரைந்து சுவர் பழையபடி ஆகிவிடும், நீண்டகாலத் தொல்லை இருக்காது. அரிதாகத் தழும்பு விழுந்து பின்னாளில் வலி வரலாம். உண்மையான பயம் முதல் சில வாரங்களில்தான். கன்றிய இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, சில நாள் கழித்து அங்கே ஓட்டை விழலாம். உறைந்த ரத்தம் பித்தக் குழாயை அடைத்து அழற்சியைக் கிளப்பலாம். கிருமி இல்லாத பித்தம் கசிந்தால் ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது என்பதுதான் இதில் வஞ்சகம். காய்ச்சல், வலது தோளில் வலி, கண் மஞ்சள், கறுப்பு மலம், வயிறு உப்புதல் என எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடுத்துவிட்டால் அந்தப் பயம் ஒரேயடியாகப் போய்விடும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் வலை இழுக்கிற வேலைக்குச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். அறுவையின்போது பித்தக் குழாயில் காயம்பட ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு வாய்ப்புண்டு. சின்ன எண்தான், நமக்கு நடந்தால் சின்னதில்லை. பை இல்லாமலும் கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தம் சுரக்கும், சேர்த்துவைக்க இடமில்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். பலருக்கு வித்தியாசமே தெரியாது. சிலருக்கு எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டால் வயிறு இளகும். கரையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். கழிப்பறை இல்லாத படகில் ராத்தங்கல் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்!

வெறும் கன்றலுக்கு என் ஓட்டு விட்டுப் பார்ப்பதற்கே, ஆள் கரையில் இருந்தால். மூன்றாம் நாளே கடலுக்குப் போகிறவர் செய்வது காத்திருப்பு இல்லை, சூதாட்டம். நடுக்கடலில் கண் மஞ்சளானால் யார் பார்ப்பது? ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2022-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை, ஆனால் கரையேறிய பிறகுதானே அதெல்லாம்.

மச்சானுக்குக் காலம் ஒத்துழைத்தது. நான்கு வாரம் வீட்டில் முணுமுணுத்தார். ஏப்ரல் 15-இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஊரே கரையில் உட்கார்ந்துவிட்டது, அவர் முணுமுணுப்பும் நின்றது. ஆறாவது வார ஸ்கேனில் ரத்தக்கட்டைக் காணோம். ஜூனில் படகேறியபோது அக்கா கையில் ஒரு தூக்குவாளியைத் திணித்தாள்.

"ராத்திரிக்குச் சோறு இருக்கு. வெறும் வயித்தோட வலையைத் தொட்டா நடக்கிறதே வேற."