கருத்தரங்கா, ஆஸ்பத்திரி மேசையா, மாதர் சங்கமா?

பாலியல் வன்முறையைத் தடுக்கவென்று மட்டக்களப்பில் செலவாகும் காசு பெரும்பாலும் மூன்று வழிகளில் போகிறது: ஒருநாள் கருத்தரங்கு, ஆஸ்பத்திரி உதவி மையம், ஊருக்குள் மாதர் சங்கங்கள் வழியாக நடக்கும் குழு வேலை.

கருத்தரங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதாகை, வரவு இடாப்பு, ரோல்ஸ், பிளேன்டீ, குழுப்படம். 1938 என்ற மகளிர் உதவி எண் நாலு பேர் மனதில் பதிந்தால் லாபம்தான். கேட்கவேண்டிய ஆண்கள் அன்று வயலில் நிற்பார்கள்.

அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நட்பு நிலையம் வேறு தரம். சிகிச்சையும் ஆலோசனையும் சட்ட உதவிக்கான வழியும் அங்கே கிடைக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். அதைச் சங்கக் கூட்டத்தில் கொடுக்க முடியாது. ஆனால் வாவிக்கு இந்தப் பக்கம், நகரத்தோடு இருப்பவளுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெல்லாவெளிக்கு உள்ளே இருப்பவளுக்கு ஒரு நாள் கூலியே போய்விடும். பஸ்ஸில் ஏறினால் "எங்க புள்ள போறாய்?" என்று கேட்காதவர் இல்லை. 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார். சட்டமோ, நீதிமன்றம் பிரித்துவைத்திருந்தால் தவிர, கணவன் செய்யும் வல்லுறவைக் குற்றமாகவே எடுப்பதில்லை. எப்படியும் இந்த மேசை, நடந்த பிறகு போகிற இடம்.

நடக்கும் முன் கைவைப்பது குழு வேலை. உகண்டாவின் கம்பாலாவில் ஊர் ஆண்களையும் பெண்களையுமே பயிற்றி, வீட்டுக்குள் அதிகாரம் யார் கையில் என்று பேசவிட்டார்கள். 2014இல் வெளியான ஆய்வின்படி, அந்தப் பகுதிகளில் துணையின் உடல்ரீதியான வன்முறை மற்றப் பகுதிகளைவிட 52 வீதம் குறைவு. தென்னாபிரிக்காவில் சிறுகடனோடு இப்படியான பேச்சைச் சேர்த்ததும் பலன் தந்தது. அந்தக் கடனை மட்டும் இங்கே கொண்டுவரவேண்டாம். தவணைக்கு வந்தவர்கள் படுக்கைக்குக் கூப்பிட்டதாக வடக்கு கிழக்குப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். சேமிப்புச் சீட்டு போதும்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வசதி உண்டு. சீதன வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். தாயும் அக்காவும் பக்கத்து வளவில். (சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளை 'குடும்பத் தலைவர்' என்று ஆண்கள் பெயரில் எழுதப்போய், பெண்கள் அமைப்புகள் சண்டை பிடிக்கவேண்டி வந்தது வேறு கதை.) சத்தம் கேட்டால் வேலியைத் தாண்டி வரக்கூடியவர்கள் அவர்கள். "குடும்ப விசயம்" என்று அவர்களே கதவைச் சாத்தாமல் இருக்கவைப்பதுதான் வேலை, அதற்கு ஒரு வருசமாவது பிடிக்கும்.

அதே உறவுதான் இதன் பலவீனமும். சங்கத்தில் பக்கத்தில் இருப்பவள் மச்சாள். சொன்னது பின்னேரத்துக்குள் மாமி காதில் இருக்கும். அதனால் சொந்தக் கதையைக் கூட்டத்தில் கேட்கவே கூடாது. அதற்குக் குடும்பநல மாது, அதாவது ஊருக்கு வரும் அரச மருத்துவிச்சி, இருக்கிறார். கர்ப்பிணியைப் பார்க்க அவர் வீட்டுக்கு வந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அவர் வழியாக நட்பு நிலையத்துக்குப் போகலாம்.

என்னிடம் கேட்டால், கருத்தரங்குக் காசில் பாதியைச் சங்கங்களுக்குக் கொடுப்பேன், ஆண்களுக்கும் தனிக் குழு வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. மீதி, படுவான்கரைப் பெண்களின் ஓட்டோக் கூலிக்கு.