போர் தண்ணீரும் குளியலறை நிறங்களும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஐந்தாண்டு அனுபவம்

சேலம் அழகாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டு குளியலறைகளிலும் பழைய டைல்ஸை உடைத்தெடுத்துப் புதிதாகப் பதித்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஏறக்குறைய அதே காலத்தில் ஏற்காட்டில் உள்ள என் மாமனார் வீட்டுக் குளியலறையும் புதுப்பிக்கப்பட்டது. வேலை முடிந்த மறுமாதம் கேட்டிருந்தால் மூன்றுமே அழகு என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனை காலம் புழங்கிய பிறகு ஒன்றைத் தயங்காமல் சொல்ல முடிகிறது: இந்தப் பக்கத்தில் குளியலறைக்கு நிறம் பார்ப்பவர் ஷோரூமுக்குப் போகும் முன்பு தம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

சேலத்தில் பெரும்பாலான வீடுகளில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போய்விடும். குளிப்பதும் துவைப்பதும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீரில்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்க மறுப்பதையும், கீசரின் சூடேற்றும் கம்பியில் ஓடு ஓடாகப் படியும் உப்பையும் பார்த்தாலே அது எந்த வகை என்பது புரிந்துவிடும். ஊருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே மேக்னசைட் எனும் மக்னீசியத் தாதுவான வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் குன்றுகளும், மேக்னசைட் ஜங்ஷன் என்ற பெயரில் ஒரு ரயில் நிலையமுமே இருக்கின்ற ஊரில், மென்மையான தண்ணீருக்கு ஆசைப்படுவது கொஞ்சம் பேராசைதான்.

மாடிக் குளியலறை என் மகனின் விருப்பப்படி அமைந்தது. தரையிலிருந்து கூரை வரை கரும் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போலப் பளபளக்கும் 2×1 அடி டைல்ஸ். முதல் வாரத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஹோட்டல் அறை மாதிரி இருக்கிறது என்றார்கள். ஆனால் ஒரு துளி போர் தண்ணீர் கரும்பரப்பில் காயும்போது நடுவில் மெல்லிய படலமும் ஓரத்தில் தடித்த வெள்ளை வளையமும் விட்டுச் செல்லும். அடுத்த நாளின் துளி அதன் மேல் இன்னொரு வளையம் போடும். ஷவருக்குக் கீழே இப்படிப் படிந்த உப்பு சில மாதங்களில் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் அளவுக்குத் தடித்துவிட்டது. குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வீட்டில் எல்லோரும் தினமும் அதைச் செய்வார்கள் என்று நம்புகிறவர்கள் கறுப்பு டைல்ஸ் வாங்கிக்கொள்ளலாம். ஆசிட் ஊற்றினால் உப்பு நிச்சயம் போகும், கூடவே டைல்ஸ் இடைவெளிகளை நிரப்பும் சிமெண்ட் கிரவுட்டும் அரிக்கும், குழாயின் குரோம் பூச்சும் மங்கும். நாங்கள் சிட்ரிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, சற்று நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். அதையும் படிவு மெல்லியதாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

கீழ்த்தளத்துக் குளியலறையில் அதே போர், அதே தொட்டி, அதே குடும்பம். அங்கே பதித்தது வெளிர் மணல் நிறத்தில், சற்றே கலங்கலான கோடுகள் ஓடும், பளபளப்பில்லாத மேட் டைல்ஸ். உப்பு அங்கும் படியாமல் இல்லை. தடவிப் பார்த்தால் சொரசொரப்பு கையில் தெரிகிறது. ஆனால் படியும் உப்பின் நிறமும் டைல்ஸின் நிறமும் நெருங்கியிருப்பதால் கண்ணுக்கு உறுத்தவில்லை. அப்படியானால் முழு வெள்ளையே போதாதா என்று கேட்கலாம். தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் குழாய்க்கு நேர் கீழே பழுப்புக் கோடு ஒன்று இறங்கும், வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும். தலைச்சாயம் பூசிக் குளிப்பவர் வீட்டில் இருந்தால் அதன் தெறிப்பும் அப்படியே. வெளிர் மணல், ஓட்ஸ் நிறம், பச்சை கலந்த வெளிர் சாம்பல் போன்ற நடுத்தர நிறங்கள் இந்த இரண்டு கறைகளையும் ஓரளவு தாங்குகின்றன.

இதைக் கடையின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியாது. கடையில் கேட்டால் உடைந்த துண்டோ மாதிரி டைல்ஸோ கொடுப்பார்கள். அவற்றை மொட்டை மாடியில் வரிசையாகச் சாய்த்து வைத்து, வீட்டுப் போர் தண்ணீரைத் தெளித்துக் காயவிட்டு, மறுபடி தெளித்து மறுபடி காயவிட்டால் ஒரு வாரத்தில் விடை கிடைத்துவிடும். கீழ்த்தளத்துக்கு இப்படித்தான் தேர்ந்தெடுத்தோம்.

நம் கடைகளில் சுவர் டைல்ஸைப் பெரும்பாலும் டார்க், லைட், ஹைலைட்டர் என மூன்று சேர்ந்த செட்டாகவே காட்டுகிறார்கள். கீழே மூன்று நான்கு அடிக்கு டார்க், நடுவில் பூவோ அலையோ போட்ட ஹைலைட்டர், மேலே லைட் என்பது எழுதப்படாத சட்டம். அழுக்கு தெரியாமலிருக்கக் கீழே கருநிறம் என்பது மண் கறைக்குப் பொருந்தும் நியாயம். பக்கெட்டும் மக்கும் வைத்துக் குளிக்கும் வீட்டில் தண்ணீர் அதிகம் தெறிப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான் என்பதால், உப்புத் தண்ணீர் ஊரில் அது நேரெதிராக வேலை செய்கிறது. நாங்கள் தண்ணீர் படும் மூன்று சுவர்களிலும் மேலிருந்து கீழ் வரை வெளிர் நிறத்தையே ஓடவிட்டு, அடர்பச்சையை வாஷ்பேசின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டையாக மட்டும் வைத்தோம். ஹைலைட்டரை முற்றிலும் தவிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குஜராத்தின் டைல்ஸ் ஊரான மோர்பியிலிருந்து வரும் டிசைன்கள் விரைவில் மாறிவிடுகின்றன. பின்னாளில் குழாய் வேலைக்காக ஒரு டைல் உடைந்தால் அதே பூ கிடைக்காது. ஒரே டிசைனிலும் பெட்டிக்குப் பெட்டி நிறம் சற்றே வேறுபடும் என்பதால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச், ஷேடு எண்கள் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி வைப்பதும் நல்லது.

டைல்ஸுக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் கிரவுட் நிறத்தை மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குப் பதித்த மேஸ்திரி வெள்ளைக் கிரவுட் பேச்சை எடுத்ததுமே, "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்ங்க, சீயக்காய் தேய்ச்சுக் குளிக்கிற வீடுன்னா மூணு மாசம் தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டார். எண்ணெய், சீயக்காய், மஞ்சள் மூன்றையும் சிமெண்ட் கிரவுட் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே குளிக்கும் இடத்தில் கறையை உறிஞ்சாத பிசின் வகையான எபாக்ஸி கிரவுட்டை மணல் நிறத்தில் போட்டோம். விலையும் கூலியும் அதிகம், ஆனால் இன்றும் கோடுகள் போட்டபடியே இருக்கின்றன. செலவைக் குறைக்க வாஷ்பேசின் பக்கம் போட்ட சிமெண்ட் கிரவுட் நன்றாகவே கறுத்திருக்கிறது. மஞ்சள் கறைக்கு மட்டும் பயப்பட வேண்டியதில்லை, ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் அது தானாகவே வெளுத்துவிடுகிறது.

தரை நிறத்தில் என் மாமியாரின் கண்பார்வைதான் முடிவு செய்தது. தரை, சுவர், மேற்கத்தியக் கழிப்பறைப் பீங்கான் எல்லாம் ஒரே வெளிர் நிறமாக இருந்தால் வயதானவர்களுக்கு எது எங்கே முடிகிறது என்று பிடிபடாது. எனவே தரைக்கு ஒரு அடி சதுர ஆன்ட்டி-ஸ்கிட் டைல்ஸை நடுத்தரப் பழுப்பில் எடுத்தோம். வாசல்படியில் கறுப்பு கிரானைட் பட்டை ஒன்று வைத்தோம். இரவில் விளக்கைப் போட்டதும் படி எங்கே இறங்குகிறது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. சொரசொரப்பான தரையில் எண்ணெய் தேங்கும் என்பதால் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பிரஷ் போட்டே ஆக வேண்டும்.

பெயிண்டைப் பொறுத்தவரை சேலத்தில் சொல்ல அதிகமில்லை. டைல்ஸுக்கு மேலே எஞ்சும் சுவரிலும் கூரையிலும், கழுவக்கூடிய அக்ரிலிக் எமல்ஷனை வெண்மை கலந்த கிரீம் நிறத்தில் அடித்தோம், அப்படியே இருக்கிறது.

ஏற்காட்டில் கதை வேறு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வீட்டின் தண்ணீரில் உப்பு தொல்லை தருவதில்லை, அதனால் அங்கே கரும்பச்சை டைல்ஸ்கூட இன்றும் புதிது போல மின்னுகிறது. தொல்லை எல்லாம் கூரையில்தான். மூடுபனி நாட்களில் சுவர் காய்வதே இல்லை. பழைய டிஸ்டெம்பர் ஈரத்தை இழுத்துச் செதில் செதிலாக உரிந்து, மூலைகளில் கரும்பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சையின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அது திரும்ப வரும். பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, பல நாள் காயவிட்டு, அதன் பிறகே பிரைமரும் பூஞ்சை எதிர்ப்பு எமல்ஷனும் அடிக்கப்பட்டன. மாமனார் முதலில் தேர்ந்தெடுத்த வெளிர் சாம்பல் நிறம், அட்டையில் பார்த்தபோது நன்றாக இருந்தாலும், பனிமூட்டத்தின் நீலம் கலந்த வெளிச்சத்தில் அறையை மழைக்கால மாலை போல இருட்டடித்தது. பெரிய அட்டையில் சிறு டப்பா பெயிண்ட் அடித்துச் சுவரில் சாய்த்துப் பார்த்ததால் அது முன்கூட்டியே தெரிந்தது. பிறகு வெண்ணெய் நிறத்துக்கு மாறி, 6500 கெல்வின் வெள்ளை பல்பையும் எடுத்துவிட்டு மஞ்சள் சாயல் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பைப் போட்டோம். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை ஜன்னல் ஓரத்து மூலையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. வெண்ணெய் நிறத்தில் பூஞ்சையின் முதல் புள்ளியே தெரிந்துவிடுவதால் அது பரவும் முன்பே துடைத்துவிட முடிகிறது.