வில்லியனூர்ப் பக்கம் ஒன்பது வருஷம்: குடியிருந்து பார்த்தது

2016 மே மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வில்லியனூரைத் தாண்டிப் பத்துக்கண்ணு போகும் சாலையில் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சிய அன்றைக்கு வந்த சொந்தக்காரர்கள், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை. "இருட்டறதுக்குள்ள டவுனுக்குப் போயிடணும்மா" என்றார் என் பெரியப்பா. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 12 கிலோமீட்டர்தான். சென்னையில் இருப்பவர்கள் இதை ஒரு தூரமாகவே நினைக்க மாட்டார்கள். பாண்டிக்காரர்களுக்கு அது வெளியூர்.

எங்கள் தெருவில் மனை பார்க்க வருகிறவர்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ராத்திரியில் பயமில்லையா, வெட்டு குத்து நடக்கிற இடமாமே, பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறீர்கள், தண்ணீர் எப்படி. அவர்களிடம் வாசலில் நின்றபடி சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பயம். நான் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். தீபாவளி நேரத்தில் கடை அடைக்க ராத்திரி பத்தரை ஆகிவிடும். விழுப்புரம் பஸ் வில்லியனூர் வழியாகப் போவதால் அந்த நேரத்திலும் வண்டி கிடைக்கும். வில்லியனூரில் இறங்கி ஸ்கூட்டரை எடுத்தால் மூன்று கிலோமீட்டர் ஒற்றையாகப் போக வேண்டும். ஒரு கார்த்திகை மாத ராத்திரி பாதி வழியில் வண்டி பஞ்சர். கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த பரோட்டாக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுத் தன் மனைவியோடு உட்கார வைத்துவிட்டு, மகனை அனுப்பி வண்டியை உருட்டிக்கொண்டு வரச் சொன்னார். இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ஒருத்தரும் என்னிடம் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. குற்றமே நடக்காத இடம் என்று சொல்ல மாட்டேன். 2019-இல் அடுத்த தெருவில் பூட்டியிருந்த வீட்டை உடைத்து நகை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு மோட்டாரின் ஒயரையே அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தெருவே சேர்ந்து கேமரா போட்டது.

அப்படியானால் அந்தப் பேர் எங்கிருந்து வந்தது? பேப்பரில் வருகிற "வில்லியனூர் அருகே" என்ற இரண்டு வார்த்தையிலிருந்துதான் வந்தது என்பது என் முடிவு. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து என்பது எத்தனையோ கிராமங்கள் சேர்ந்தது. அதில் எந்த மூலையில் எது நடந்தாலும் தலைப்பில் "வில்லியனூர் அருகே" என்று போடுவார்கள். டவுனில் நடந்தால் இன்ன வீதி, இன்ன சந்து என்று எழுதுவார்கள். அந்த வீதிக்கு மட்டும் கெட்ட பேர், அதுவும் நாலு நாளைக்கு. எங்களுக்கு அந்த "அருகே" மொத்தமாகச் சேர்ந்து வருஷக்கணக்கில் நிற்கிறது. மாடி போர்ஷனுக்கு வாடகைக்கு வரச் சம்மதித்த ஒரு குடும்பம், அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்குப் பின்வாங்கியது. "எங்க மாமியார் வேணாங்கறாங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். அவளும் அவள் மாமியாரும் அதுவரை எங்கள் தெருவைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் வாடகைப் பணத்துக்காக இல்லை.

தூரம் என்பது முன்பு உண்மையாகவே கஷ்டமாக இருந்தது. வந்த புதிதில் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் முடியாமல் கிடந்தது. கேட் போட்டுவிட்டால் கால் மணி நேரம் போய்விடும். பாலம் திறந்த பிறகு எனக்கு வழி சுலபமாகிவிட்டது. இப்போது இடிக்கிற இடம் இந்திரா காந்தி சிலை சிக்னல்தான். சாயந்திரம் ஆறு மணிக்கு அங்கே நிற்கிற நேரத்தில் வீட்டுக்கே வந்துவிடலாம் என்று தோன்றும். அதாவது வில்லியனூர் பக்கத்தால் வருகிற தாமதம் இப்போது குறைவு, டவுன் பக்கத்தால் வருவதுதான் அதிகம்.

இனி மழை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இடம் தேடிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு முதலில் காட்டியது இப்போதைய மனை இல்லை. அதே மனைப்பிரிவில் கடைசி வரிசையில், சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைவாக ஒரு மனை இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துவிட்டது. எதிரே கொல்லையில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தது. "அங்க வேணாம் கண்ணு. ஏரி வாய்க்கா அந்த வழியாத்தான் போவும். இப்ப மண்ணு கொட்டி மூடியிருக்கானுங்க. தண்ணிக்கு வழி தெரியும், அது அங்கதான் வரும்" என்றது. மனை விற்றவர் அதெல்லாம் பழைய கதை என்றார். நாங்கள் ஆயா பேச்சைக் கேட்டு மேட்டுப் பக்கம் வாங்கினோம். நூறு ரூபாய் கூடக் கொடுத்தோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. அப்படி ஒரு மழையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க டார்ச் அடித்து வாசல் படியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தெருவில் முழங்கால் அளவு வந்து நின்றது, இரண்டாம் படியைத் தொடவில்லை. கடைசி வரிசையில் மூன்று வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆயா சொன்ன அதே கோட்டில்தான் தண்ணீர் போனது. அப்புறம் வீடூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில் சங்கராபரணி பொங்கி, ஆற்றை ஒட்டியிருந்த குடியிருப்புகள் பட்ட பாடு வேறு. அந்தக் குடும்பங்களில் சிலர் எங்கள் மாடியில் நான்கு நாள் தங்கினார்கள்.

அன்றைக்கு டவுனில் என்ன நடந்தது? கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களை மீட்க வேண்டியிருந்தது. ரெயின்போ நகரில் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்பது பாண்டியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் நல்ல பேர் எடுத்த இடங்கள். வாடகை கேட்டால் எங்களைப் போன்றவர்களுக்குத் தலை சுற்றும். அங்கே இருப்பவர்கள் கஷ்டப்பட்டதை இங்கே ஒப்பிட்டுச் சொல்வது பெருமைக்காக இல்லை. என் தோழி கிருஷ்ணா நகரில் இருக்கிறாள். வயதான அப்பாவை வைத்துக்கொண்டு அவள் அன்றைக்குப் போனில் அழுத குரல் எனக்கு மறக்காது. நல்ல ஏரியா, கெட்ட ஏரியா என்று நாம் வைத்திருக்கிற கணக்கில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது சேர்வதே இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கழிவுநீர் விஷயமும் அப்படித்தான். பாதாளச் சாக்கடை இருந்தால் வசதியான ஏரியா என்று நினைக்கிறோம். 2024 ஜூன் மாதம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவுநீர்க் குழாய் வழியாக வீட்டுக் கழிவறைக்குள் விஷவாயு வந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு பல நாள் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் டேங்க் நிரம்பிவிட்டால் லாரிக்குச் சொல்லி இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீடு கட்டும்போதே டேங்கைப் பெரிதாக, கிணறு போருக்குத் தள்ளிக் கட்டிவிடுங்கள். பிறகு அதை மாற்ற முடியாது.

குடிதண்ணீரில் குறையில்லை. முத்தியால்பேட்டையில் போர் தண்ணீர் உப்பாகிக் குளிக்க மட்டும்தான் உதவியது, கடல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அந்தக் கதைதான். இங்கே மேற்கே வரவரத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. பாரதி பூங்காவில் நிற்கிறதே ஆயி மண்டபம், அது முத்தரையர்பாளையத்து ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டு வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. மேற்கிலிருந்து தண்ணீர் எடுப்பது அந்தக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஆனால் இதுவும் நிலைக்குமா என்று கவலையாக இருக்கிறது. எங்களுக்கு 120 அடியில் தண்ணீர் கிடைத்தது. போன வருஷம் எதிர்வீட்டு அண்ணன் 200 அடி போட்டார்.

என்னுடைய பெரிய மனக்குறை வேறு. எங்கள் தெரு முனையில் விளக்கு எரியாமல் ஐந்து மாதம் இருந்தது. ஒரு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம், இன்னொரு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் மறுபடி முதல் இடம். கடைசியில் நாங்களே காசு போட்டு பல்பு மாற்றினோம். இதைக் கேட்க ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்போம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தவர்களுக்குப் பிறகு வார்டுக்கு என்று ஆளே இல்லை. என் மூத்த மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. உள்ளூர் உறுப்பினருக்கு ஓட்டுப் போடுகிறவர்களை அவள் விவரம் தெரிந்து பார்த்ததே இல்லை. டவுனில் இருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். ஆனால் அவர்கள் தெரு வழியாக அமைச்சர் கார் போகும், டூரிஸ்ட் வருவார்கள், அதனால் குழி சீக்கிரம் மூடப்படும். புறநகரில் ஒரு குழி நாங்கள் கத்துகிற வரைக்கும் அப்படியே இருக்கும்.

பள்ளிக்கூடம், மருந்துக்கடை, மளிகை எல்லாம் இப்போது வில்லியனூரிலேயே வந்துவிட்டது. ஆரம்பத்தில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் 605110 என்று பின்கோடு போட்டால் வரமாட்டார்கள். இப்போது வருகிறார்கள்.

இங்கே வந்த பிறகு எனக்குக் கிடைத்தவற்றையும் சொல்ல வேண்டும். திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு ஆளுநரே வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம். வடத்தின் பின்பகுதியில் எங்கள் தெருப் பெண்களோடு நானும் நிற்பேன். மாதா கோயில் திருவிழாவில் குளத்தைச் சுற்றி மெழுகுவத்தி வெளிச்சம் நிற்கும், என் பிள்ளைகள் அதற்காக நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். மார்கழி தையில் ஊசுடு ஏரிக்கரைக்கு விடியற்காலையில் போனால், வெளிநாட்டுப் பறவைகள் தண்ணீர் முழுக்கப் பரவிக் கிடக்கும். ஏரியில் பாதி தமிழ்நாடு, பாதி புதுச்சேரி. கரையில் நின்றால் எது எவருடையது என்று தெரியாது. முத்தியால்பேட்டையில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர வேறெதையும் ஜன்னல் வழியாக நான் பார்த்ததில்லை.

சொந்தக்காரர்கள் பேச்சும் மாறிவிட்டது. "உங்க பக்கம் சதுர அடி என்ன போவுது?" என்று கேட்கிறார்கள். பால் காய்ச்சிய அன்றைக்கு மூன்று மணிக்குள் கிளம்பிய பெரியப்பா, போன பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். விலை ஏற ஏற வாய்க்கால் பக்கம் மறுபடி மண் கொட்டுகிறார்கள், எனக்கு அதுதான் இப்போது பயம். ராத்திரியில் லாரி வரும் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. கடைசி வரிசைக்குப் பின்னால் புதிதாகப் பன்னிரண்டு மனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு இளம் தம்பதி காரில் வந்து அந்தக் கல்லைக் காட்டி, இந்த இடம் எப்படி அக்கா என்று கேட்டார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். நான் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆயா வீட்டுக்கு நடந்தேன்.